இடது ஆக்ஸில்

"எத்தனை ஓட்டம் தாங்கும்?"
ஒவ்வொரு தடவையும் இம்தியாஸ் இதைத்தான் கேட்பான்.
ஒவ்வொரு தடவையும் நான் நோட்டைப் பிரிப்பேன்.

மார்ச், இரண்டாம் ஞாயிறு.
வாலாஜாவுக்கு அப்பால்
விலைபோகாத மனைப்பிரிவின் தார்ச்சாலை.
நானூற்றிரண்டு மீட்டர்,
இருபுறமும் மஞ்சள் பூசிய எல்லைக்கல், வேலிக்காத்தான்.
கம்பெனி இரண்டாம் கியர், நான்காவது ஓட்டம்.
ஆயிலை வடித்தேன்.
மூன்று பல்
பால்பல் மாதிரி கையில் விழுந்தது.

ஏப்ரல்.
கப்பலில் வந்த கியர் செட்டு,
நுரைப்பெட்டிக்குள் கல்யாண நகைபோல.
ஆம்பூரில் அவன் தோல் வெட்டும் யூனிட்டின்
ஒரு மாதச் சம்பளப் பட்டுவாடா அது.
நேர்வெட்டுப் பற்கள். ஊளையிடும். இருக்கட்டும்,
பல் இருக்கிறவன் பக்கோடா தின்னட்டும் என்றேன்.
பதினோரு ஓட்டம்.
கியரில் கீறலில்லை.
அதைச் சுமந்த ஷாஃப்ட்
பிழிந்த துணியாய்க் கிடந்தது.

ஷாஃப்டை ராணிப்பேட்டை சிப்காட்டில் செய்யச் சொன்னேன்.
பரந்தாமன் உலையில் ஆறு மணி நேரம்
கரி ஊட்டி, எண்ணெயில் முக்கி எடுத்தார்.
"தோல் மட்டும் கல்லா இருக்கணும் ஜெமிமா,
உள்ள வரைக்கும் கல்லானா கண்ணாடி."
ஜிஎஸ்டி தனி.

அது நின்றது.
மே மாதம், கத்திரி வெயில்,
ஆயில் ரசமாய் இளகிய மதியம்,
பெட்டியின் ஓடே விண்டது.

சத்துவாச்சாரி ஷெட்டில்
விண்ட ஓட்டை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தேன்.
பலவீனம் சாவதில்லை.
குடக்கூலிக்காரன் மாதிரி
ஒரு வீட்டைப் பூட்டினால் அடுத்த வீடு.
போகப்போக உள்ளே,
போகப்போக வாடகை அதிகம்.

சரி, வீட்டை நானே பார்த்துக் கொடுக்கிறேன்.

புது ஓடு. அதே கியர். அதே ஷாஃப்ட்.
இடது ஆக்ஸில் மட்டும் பழைய இரும்புக் கடையில்,
எண்ணூறு ரூபாய். நாலு வாங்கி டிக்கியில் போட்டேன்.
"உடையறதுக்குன்னே மாட்டுறீங்களா?"
"ஆமா."
அன்று சாயங்காலம் வரை அவன் பேசவில்லை.

ஜூன். ஒன்பதாவது ஓட்டம்.
பச்சை விளக்கு. டக்.
வண்டி நின்ற இடத்திலேயே
ஜாக்கி, சாக்கெட், சுத்தியல்,
மண்ணுக்கு அரை லிட்டர் ஆயில்.
இருபத்திரண்டு நிமிடம்.
அடுத்த சுற்றுக்கு வரிசையில் நின்றான்.

தோற்றான்தான். கண்ணிமைப்பில்.
ஆனால் முதல் தடவையாக
வண்டி லாரியில் ஏறாமல் வீடு போனது.
பள்ளிகொண்டா டோலில்
ஊளைச் சத்தம் கேட்டுத்
தடுப்புக்கட்டை தூக்குகிற பையன்
வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தானாம்,
நாய் ஏதும் மாட்டிக்கொண்டதோ என்று.

நோட்டில் எழுதினேன்:
இடது ஆக்ஸில், ஒன்பது.
மற்றதெல்லாம்,
இன்னும் தெரியவில்லை.