நாவல்பழ மிட்டாய்

லிஃப்டுக்குள் அறிவிப்பு ஒட்டியிருந்தது:
முப்பத்தொன்றாம் தேதி, வெள்ளி, மாலை ஆறரை,
பேய்கள் வீடு வீடாக வரும்.
மிட்டாய் தயாராக இருக்கட்டும்.
அதற்குக் கீழேயே, சிவப்பு மையில்,
பராமரிப்புப் பணம் பாக்கி வைத்தவர் பட்டியல்.

ஐயர் பங்களாவில் பேய்க்கு நேரம் குறித்துவிட்டார்கள்.
நான் கணக்குப் போட்டேன்:
நான்கு மாடி, இருபத்தெட்டு வீடு,
பேயாகும் வயதில் பத்தொன்பது உருப்படி.

விடிந்ததிலிருந்து பதினொரு மணி வரை
ஊரார் சர்க்கரையை அளக்கிறவள் நான்.
வெறும் வயிற்றில் ஒன்று, சாப்பிட்ட பின் ஒன்று.
அப்படிப்பட்டவள் கீழமாசி வீதியில்
மூட்டை இறக்குகிறவர்களின் முழங்கை இடிக்க இடிக்க
ஒரு கிலோ சர்க்கரையை
எந்த உருவத்தில் வாங்குவதென்று தெரியாமல் நின்றேன்.

சாக்லேட் வேண்டாம். மதுரைக்கு ஐப்பசியும் வெயில்தான்,
பஸ் கோரிப்பாளையம் தாண்டுவதற்குள் கூழாகிவிடும்.
தேன்மிட்டாய் ஒழுகும், பேயுடுப்போ வாடகை.
கமர்கட்டில் பால்பல் போனால் என் கதவைத் தட்டுவார்கள்.
கடலைமிட்டாய் கூடவே கூடாது.
இரண்டாம் மாடி அஃப்ராவுக்குக் கடலை பட்டாலே உதடு வீங்கும்,
ரத்தம் எடுத்தவள் நான்தானே.
பல்லி மிட்டாய்... பெயர் பொருத்தம்தான்,
ஆனால் எப்படி எண்ணிக் கொடுக்க?

"என்னக்கா விசேஷம், காதுகுத்தா?" என்றார் சோலைப்பாண்டி.
"பேய்க்குண்ணே."
கண்கூடச் சிமிட்டவில்லை மனுசன்.
"சின்னப் பேயா, பெரிய பேயா?"

நாவல்பழ மிட்டாய் ஒன்றை உரித்து நீட்டினார்.
தராசின் எவர்சில்வர் தட்டில் குனிந்து பார்த்தேன்.
என் நாக்கு எனக்கே அந்நியமாக,
ஊதாவாக.
"ரெண்டு நாளைக்குப் போகாதுக்கா."
துணிதான் வாடகை.
நாக்காவது சொந்தமாக இருக்கட்டும் பேய்க்கு.

டப்பாவில் கொட்டி வைத்தேன்.
ஐந்தை மட்டும் தனியே முடிந்தேன், மூன்றாம் மாடி துவாரகேசுக்கு.
புரட்டாசிக் காய்ச்சலில் நரம்பு கிடைக்காமல்
அவன் கையில் மூன்று முறை குத்தியிருக்கிறேன்.
அதிலிருந்து நான் லிஃப்டில் ஏறினால்
அவன் படிக்கட்டில் போவான்.

ஆறே முக்காலுக்குக் கரண்ட் போனது.
ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை.
(அந்தப் பட்டியல் இதற்குத்தான்.)
ஏழாயிற்று. ஒரு பேயும் வரவில்லை.
கீழே எங்கோ மூக்குறிஞ்சும் சத்தம்.

டப்பாவை இரு கையாலும் அணைத்து
ஃபோனை அதற்கும் நெஞ்சுக்கும் நடுவே செருகி
நைட்டியோடு இறங்கினேன்.
வெளிச்சம் தாடையிலிருந்து மேலே அடிப்பது எனக்குத் தெரியாது.

இரண்டாம் மாடித் திருப்பத்தில்
ஏழெட்டுப் பேய்கள் ஒன்றையொன்று இறுகப் பிடித்து
படியில் உட்கார்ந்திருந்தன.
ஒரு எலும்புக்கூடு அம்மாவைக் கேட்டு அழுதது.
நிமிர்ந்து பார்த்தன.

"ஊசி ஆன்ட்டீ!"

பார்க்கிங் வரை ஓடினார்கள்.
வாட்ச்மேன் விசில் அடித்தார்.
அன்றைக்கு அந்தக் கட்டடத்தில்
வேஷம் போடாத ஒரே ஆளைக் கண்டு.

நான் படியில் உட்கார்ந்தேன்.
வெளிச்சத்தைத் தரைக்குத் திருப்பிவிட்டு டப்பாவைக் குலுக்கினேன்.
காகிதம் சரசரத்தது.
கொஞ்சம் பொறுத்து மறுபடி.

ஒரு கை வந்தது. "ஊசி இல்லேல்ல?"
"இல்ல."
இன்னொரு கை, இன்னொன்று.
என்ன நிறமென்று ஒருத்தரும் கேட்கவில்லை.
அந்த இருட்டில் எல்லா மிட்டாயும் கறுப்பு.

கடைசியாக ஒரு வெள்ளைப் போர்வை, சோப்பு வாசனையோடு.
முடிச்சை நீட்டினேன்.
வலது கையால் வாங்கிக்கொண்டான்.
இடது கை முதுகுக்குப் பின்னாலேயே இருந்தது.

சனிக்கிழமை பதினொன்றரைக்கு வேலை முடிந்து வந்தேன்.
லிஃப்டில் அவன்.
படிக்கட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், நின்றான்.
ஒன்று, இரண்டு... மூன்றில் கதவு திறந்தது.
வெளியே குதித்துத் திரும்பி
நாக்கை நீட்டினான்.
முழு ஊதா.

கதவு மூடுவதற்குள் நானும் நீட்டினேன்.
மிச்சத்தையெல்லாம் ராத்திரி நானே தின்றிருந்தேன்.
என் சர்க்கரையை இன்னும் பார்க்கவில்லை.