இடப்பக்கம் கோடை

கழித்தல் முப்பத்துநான்கு
என்று எரிகிறது மருந்துக்கடைப் பலகை.
என் காரின் திரையில் இருபத்தைந்து.
அது நான் கேட்டது.
கார் தந்ததல்ல.

தானியங்கி என்றுதான் எழுதியிருக்கிறதாம் பொத்தானில்.
ஜப்பானிய எழுத்து, எனக்கு வாசிக்க வராது.
ஒசாகாவில் யாரோ எட்டு வருடம் ஓட்டி
கப்பல் ஏற்றி, ரயில் ஏற்றி
உலான்பாத்தருக்கு அனுப்பிய வண்டி.
ஸ்டியரிங் வலப்பக்கம். நானும் வலப்பக்கம்.
வலப்பக்கத் துளைகளில் மட்டும்
தூல் ஆற்றுப் பனிக்கட்டியைத் துருவித்
துருவிக் கொட்டுகிறது காற்று.

இடப்பக்கம் கோடை.

இந்த ஊரில் கை நீட்டினால் எந்தக் காரும் டாக்சி.
ஏறுகிறவர்கள் முதலில் தொப்பியைக் கழற்றுகிறார்கள்,
பிறகு கழுத்துத்துணி, பிறகு மேலங்கிப் பொத்தான்.
நேற்று ஒரு வங்கிக்காரர்
நெற்றியைத் துடைத்துக்கொண்டு
‘கொஞ்சம் குறையுங்களேன் அக்கா, வேர்க்கிறது’ என்றார்.
முழங்காலில் இரட்டைக் கம்பளி,
காலில் என் அப்பாவின் கம்பளிப் பூட்ஸ்,
விரல் எங்கே முடிகிறது ஸ்டியரிங் எங்கே தொடங்குகிறது
என்று தெரியாமல் ஓட்டிக்கொண்டிருந்தேன்.
குறைத்தேன்.
அவர் பக்கம் குறைந்தது.

ஞாம்சுரேனின் பட்டறை ஒரு கப்பல் கண்டெய்னர்.
குளிர்விப்பு நீர் வற்றியிருக்கும் என்றான். மூடி திறந்தால்
கோடு வரை பச்சை.
தெர்மோஸ்டாட்டாக இருக்கும் என்றான்.
முள் நடுவில் நிற்கிறது, ஒழுங்குப் பிள்ளையாக.
கையுறையைக் கழற்றி
ஹீட்டருக்குப் போகும் குழாயையும்
திரும்பி வரும் குழாயையும் பிடித்துப் பார்த்தான்.
இரண்டும் சுட்டன.
‘ரத்தம் ஓடுது. சீக்கு உள்ளே.’
ஃபியூஸைப் பிடுங்கி நூறு எண்ணிச் செருகினான்.
எல்லாவற்றையும் மறந்தது திரை.
பழைய தப்பை மட்டும் திரும்பக் கற்றுக்கொண்டது.

‘எஞ்சினை நிறுத்து. சாவியை மட்டும் திருப்பு.
பேசாதே.’

டிக். டிக். டிக்.
டேஷ்போர்டுக்குப் பின்னால்,
இருட்டில் யாரோ சுண்டுவிரலால் தட்டுவதுபோல.

உள்ளங்கை அகலத்தில் ஒரு கதவு இருக்கிறதாம்,
சூட்டுக்கும் குளிருக்கும் நடுவே.
எனக்கு ஒன்று, பக்கத்து இருக்கைக்கு ஒன்று.
என் கதவைத் திருப்பும் சின்ன மோட்டாரில்
பிளாஸ்டிக் சக்கரத்துக்குப் பல் போயிருக்கிறது.
நவம்பரிலிருந்து
என் பல்லும் அதன் பல்லும்
சேர்ந்து தந்தியடித்திருக்கின்றன,
நான் என்னுடையதை மட்டும் கேட்டிருக்கிறேன்.

சாமான் வர மூன்று வாரம்.
டேஷ்போர்டை இறக்க இரண்டு நாள்.
தொகையைச் சொன்னான்.
உப்புத் தேநீர் நன்றாயிருக்கிறது என்றேன்.

ராத்திரி, அடுக்ககத்தின் அடியில்,
வாயில் டார்ச், தலை பிரேக்கின் மேல்,
கால் எங்கேயோ.
மூன்று திருகு. மூன்றாவது கை நழுவி
உள்ளே விழுந்தது. இன்னும் அங்கேதான்,
வளைவுகளில் பேசுகிறது.
சோப்புக்கட்டி அளவு மோட்டார் கையோடு வந்தது.
தண்டை விரலால் தள்ளினேன்.
முகத்தில் அடித்தது
இந்தக் குளிர்காலத்தின் முதல் வெந்நாற்றம்,
தூசியும் பழைய சிகரெட்டும், ஒசாகாக்காரருடையதாக இருக்கலாம்.
விட்டால் திரும்பிவிடுகிறது.
முட்டுக் கொடுக்க ஏதாவது வேண்டும்.
பேனா மூடி நசுங்கியது. சாக்லேட் உறை, சொல்ல வேண்டாம்.
கதவுப் பையில் கை விட்டால்
தெமூலென் விளையாடும் ஆட்டுக் கணுக்கால் எலும்பு.
நான்கு பக்கம்: குதிரை, ஒட்டகம், செம்மறி, வெள்ளாடு.
ஒட்டகம் நுழையவில்லை.
செம்மறி வழுக்கியது.
குதிரையாகப் புரட்டி அழுத்தினேன்.
நின்றது.

இப்போது இருபத்தைந்தைப் பதினெட்டாக்கினால்
எண் குறைகிறது, பணிவாக.
காற்று காதில் வாங்குவதில்லை.
இன்று ஏறிய பெண் ஒன்றும் சொல்லாமல்
அடுத்த விளக்குக்குள் தூங்கிவிட்டாள்.

வீட்டில் தெமூலென் எலும்புகளைத் தரையில் கொட்டி
இரண்டாம் முறை எண்ணுகிறான்.
ஜூலையில் எடுத்துத் தருகிறேன் என்றேன்.
ஏன் ஜூலை என்கிறான்.