காற்று என்று எழுதக் கூடாது

திருவனந்தபுரத்திலிருந்து நான்கு அட்டைகள் வந்திருந்தன,
மலையாளத்திலிருந்து யாரோ அவசரமாகத் தமிழாக்கியவை.
'பருவங்கள்: கண்டு, உணர்ந்து, கதை எழுதுக.'
வேலந்தாவளம், மூன்றாம் வகுப்பு, தமிழ்ப் பிரிவு,
மொத்தம் பதினொரு பேர்.
நான் தினக்கூலி டீச்சர்.
கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.

ஜூனில் முதல் அட்டை, மழைக்காலத்தில் ஒரு நாள்.
பதினொரு நோட்டிலும் ஒரே மழை பெய்தது.
ஒரே தவளை பதினொரு முறை கத்தியது.
காகிதக் கப்பல் எல்லாவற்றிலும் கடைசி வரியில் மிதந்தது.
சன்னலுக்கு வெளியே
லாரித் தண்ணீருக்காக வெயிலில் வரிசையாகக் குடங்கள்.
"கப்பலை எங்கே விட்டீங்க?" என்றேன்.
யாரும் வாய் திறக்கவில்லை.
பிறகு மெஹ்ருன்னிசா, பெஞ்சுக்கால் பார்த்தபடி,
"போன வருஷத்து டீச்சர் போர்டுல விட்டாங்க."

இரண்டாவது அட்டை, இலையுதிர் காலம்.
"எந்த இலை டீச்சர்?" என்றான் ஆன்டோ.
"இங்க இலை உதிராது. பனமட்டைதான் விழும்.
விழுந்தா ஆடு செத்துப்போகும்."
அதை எழுது என்றேன்.
"அது கதையா டீச்சர்?"

பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு யோசித்தேன்.
அரிசி களையும்போதும்.
எனக்கும் பத்தாவது வரை
வசந்தத்தில் குயில் கூவியிருக்கிறது,
முழு மதிப்பெண்ணுக்கு.
ஒருநாளும் குயிலை நான் கேட்டுவிட்டு எழுதியதில்லை.

மார்கழியில் மிச்ச அட்டைகளை அலமாரியில் போட்டுப் பூட்டினேன்.
முந்தின இரவு ஊரில் யாருமே தூங்கியிருக்கவில்லை.
பள்ளிக்கூடக் கேட் தானாகத் திறந்து
தானாக அறைந்துகொண்டிருந்தது.
போர்டில் எழுதினேன்:
நேற்று ராத்திரி வந்தது யார்?
கீழே, கோடிட்டு:
காற்று என்று மட்டும் எழுதக் கூடாது.

"அப்புறம் எப்படி டீச்சர்?"
"எனக்கு அந்தச் சொல் தெரியாது. நான் வேற ஊரு."
சிரித்தார்கள். அப்புறம் சிரிப்பு நின்றது.
பென்சில் சீவும் சாக்கில் இருவர்
கால் மணி நேரம் குப்பைக்கூடைக்குக் காவல் இருந்தார்கள்.

ஆன்டோ எழுதியிருந்தான்:
செக்போஸ்ட் மாமா தொப்பியை ரெண்டு கையாலும் பிடித்தார்.
கோயம்புத்தூர் பக்கமிருந்து
ஒரு வண்டியும் வரவில்லை.

நித்திலன்:
எங்கள் வீட்டுக் காலண்டர்
பொங்கல் வரை போய்விட்டுத் திரும்பி வந்தது.

மெஹ்ருன்னிசா:
அத்தா சிரிக்கவில்லை. கோபம் ஒன்றும் இல்லை.
உதடு வெடித்திருந்தது.

ஹரிகோவிந்த் பழக்கத்தில் மறுபடியும் மழை, தவளை, கப்பல்.
கனிஷ்கா 'கா' என்று தொடங்கிவிட்டு
ரப்பரால் தேய்த்துத் தேய்த்து
தாளையே ஓட்டையாக்கியிருந்தாள்.
ஓட்டை வழியே அடுத்த பக்கத்தின்
கழித்தல் கணக்கு தெரிந்தது.
அதற்கு என்ன மார்க் போடுவதென்று இன்னும் தெரியவில்லை.

"நீங்களும் எழுதுங்க டீச்சர்."
எழுதாமல் விடமாட்டார்கள் போலிருந்தது.
சாக்பீஸ் எடுத்தேன், யோசிக்காமல்:
மெல்லிய காற்று பனைகளைத் தாலாட்டியது.

வகுப்பு கொள்ளவில்லை.
"போட்டுட்டீங்க! அந்தச் சொல்லப் போட்டுட்டீங்க!"
அழித்தேன்.
"மெல்லிசும் இல்ல டீச்சர்," என்றாள் மெஹ்ருன்னிசா.
அதையும் அழித்தேன்.
ஆன்டோ எழுந்து நின்றான்.
"தாலாட்டவும் இல்ல. எங்க ஆட்டைக் கேளுங்க."

போர்டில் மிஞ்சியது
பனைகளை.
அவ்வளவுதான்.
எழுவாய் போய், வினை போய்,
இரண்டாம் வேற்றுமை மட்டும்
கையை நீட்டிக்கொண்டு நின்றது.

பனைகளை என்ன செய்தது?
சன்னல் வழியே பார்த்தேன்,
இந்த ஊருக்கு வந்து முதல் தடவையாக.
"கொஞ்சம் காத்துக்கிட்டு இருங்க," என்றேன், "யோசிக்கிறேன்."

"டீச்சர்!" என்று கத்தினார்கள் பதினொரு பேரும்,
"மறுபடியும் சொல்லிட்டீங்க!"