இன்றைக்கு எதுவரை

வார்டுக்குள் ஆறு மணிக்குத்தான் விடுவார்கள்.
லாட்ஜில் எனக்கு நாலரைக்கே முழிப்பு.
நடுவில் கிடந்த ஒன்றரை மணி நேரத்துக்கு
கவுஸ் பாயிடம் ஒரு சைக்கிள் எடுத்தேன்.
நாள் வாடகை நாற்பது,
அடமானம் ரேஷன் கார்டு ஜெராக்ஸ்.
பெல் அடிக்காது, பிரேக் பிடிக்கும் என்றார்.
வாய் இருக்கிறதே என்றேன்.

பதினோராம் வகுப்போடு விட்ட சைக்கிள்.
முதல் நாள் தோட்டப்பாளையம் சந்தில்
பால்காரர் மேல் போய்த்தான் நின்றது.
எங்கம்மா போறே என்றார்.
அதுதான் எனக்கும் தெரியவில்லை.

அந்த நேரத்து வேலூர்
சைக்கிளுக்கென்றே போட்ட ஊர்.
ஆட்டோவெல்லாம் ஒருக்களித்துத் தூங்க
யாருக்கும் இல்லாமல் மஞ்சள் சிமிட்டும் சிக்னல்.
வங்காள எழுத்தில் கடைப் பலகைகள்;
பக்கத்தில் வரைந்த மீனைப் பார்த்து
சாப்பாட்டுக்கடை என்று படித்துக்கொண்டேன்.
மண்டித் தெரு மட்டும் முழித்திருந்தது.
அக்காவுக்கு வழி விடுடா என்று
வெங்காய மூட்டைக்கு அடியிலிருந்து ஒரு குரல்.
லாட்ஜில் சமைக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறது.
ஆனாலும் முள்ளுக்கத்தரி கால் கிலோ வாங்கி
கூடையில் போட்டுக்கொண்டேன்.

அகழியில் கோட்டை தலைகீழாக நின்றது.
அதன் கொத்தளத்தில் கால் ஊன்றி
ஒரு நாரை மீன் பார்த்துக்கொண்டிருந்தது.

அங்கப்பனுக்குப் பதினாறு வருஷ லாரி.
வேலூரா, பாலத்துக்குக் கீழே நாலு லைட்டு
என்பார்.
ஊருக்குள் வந்ததே
தார்ப்பாய் மேலிருந்து விழுந்து
தொடையெலும்பு இரண்டாகி
ஆம்புலன்ஸில் படுத்துக்கொண்டுதான்.
கூரையைத் தவிர ஒன்றும் பார்க்கவில்லை.

பயிற்சி அறையில் ஜெசிந்தா சிஸ்டர்
ஒரு சைக்கிளைக் காட்டினாள்.
சக்கரம் இல்லை, தரையோடு முடுக்கியது.
பத்து நிமிஷம் மிதியுங்கள்.
இரண்டு நிமிஷத்தில் இறங்கப் பார்த்தார்.
"போகாத வண்டிய எதுக்குங்க மிதிக்கோணும்?"

எனக்கு வேறு பதில் தெரியாது.
லாட்ஜ் வாசல் தாண்டியாச்சு என்றேன்.
என்னைப் பார்த்தார்.
இடது பக்கம் பால் வண்டி, பார்த்து.
மெதுவாக்கினார்.
மண்டித் தெரு, கும்பல்.
இன்னும் மெதுவாக்கினார்.
சைதாப்பேட்டை ஏற்றத்தில் மூச்சு வாங்கியது,
இறக்கத்தில் காலைத் தளர விட்டார்.
பன்னிரண்டு நிமிஷம் ஆகியிருந்தது.

அதற்குப் பிறகு தினமும்
இன்னைக்கு எதுவரை என்று கேட்டார்.
எனக்கும் புதிது புதிதாகப் போகவேண்டி வந்தது.
ஓட்டேரிக்குப் போனேன்.
சத்துவாச்சாரியில் வழி தவறி
இரண்டு முறை ஒரே டீக்கடை.
காகிதப்பட்டறையில் செயின் கழன்றது;
அதையும் சொன்னேன்,
அவர் நிறுத்திக் காத்திருந்தார்.

நேற்று காட்பாடிப் பாலம்.
தண்ணியில்லாத ஆறு என்று
ஊரையே கேலி பேசுவார்கள்.
நடுப்பாலத்தில் நின்று எட்டிப் பார்த்தால்
மணலில், கருவேலம் புதர்களுக்கு நடுவே,
கேரியரில் புல்லுக்கட்டோடு ஒருவன்
பாலாற்றைக் குறுக்கே
மிதித்துப் போய்க்கொண்டிருந்தான்.

அதைச் சொன்னதும்
பாலம் வேண்டாம், கீழே இறங்கு என்றார்.
மணல்ல டயர் புதையுமே என்றேன்.
புதையட்டும்.
ஜெசிந்தா ஒன்றும் கேட்காமல்
திருகை ஒரு சுற்று இறுக்கினாள்.
பச்சைச் சட்டையில் வியர்வை முதுகு முழுக்க.
நான் கரையை இன்னும் சொல்லவில்லை.

எதிரே ஒருவர் வாக்கரை ஊன்றி
அங்குலம் அங்குலமாக வந்தார்.
பெல் அடி என்றார் என்னிடம்.
பெல் இல்லையே.
"ஓரம்! ஓரம்!" என்று அவரே கத்த,
வாக்கர்க்காரர் திடுக்கிட்டு
சுவரோரம் ஒதுங்கி
வழி விட்டார்.