இழுகம்பி இல்லாத ரவர்

மூன்று பக்கமும் கம்பி கட்டி இழுத்தால்
மலிவாய் முடியும் அக்கா, என்றான் பிரதாபன்.
அறுபதடிக் குழாய், மூன்று முளை,
வெல்டிங் கூலியைப் பிறகு பார்ப்பம்.

அளவு நாடாவோடு வளவுக்குள் நடந்தோம்.
முதல் முளை கிணற்றுக் கட்டில் போய் விழுந்தது.
இரண்டாவது
மங்களேஸ்வரியின் ஆட்டுக் கொட்டிலுக்குள்.
"என்ர ஆட்டுக்குக் கரண்ட் அடிக்குமோ?"
அடிக்காது என்றேன்.
மீற்றர் வாசிக்கிறவள் சொன்னால்
ஒட்டுசுட்டானில் ஒருவரும் நம்புவதில்லை.

மூன்றாவது வேலிக்கு அப்பால்,
குலநாயகத்தின் காணியில்.

குலநாயகம் எங்கே என்று யாருக்கும் தெரியாது.
அவருடைய தென்னைகள் மட்டும்
பதினைந்து வருடமாகத் தவறாமல் காய்க்கின்றன.
விழுவதைப் பொறுக்குகிறோம், எண்ணுகிறோம்,
கொப்பியில் திகதி போட்டு எழுதி வைக்கிறோம்.
தேங்காய் பொறுக்கலாம்.
முளை அடிக்க
ஒரு ஆளைக் கேட்க வேண்டும்.

அப்ப தனிய நிக்கிறதுதான், என்றான் பிரதாபன்,
நாடாவைச் சுருட்டிக்கொண்டு.

தனிய நிற்கிறதிலும் எத்தனை வகை.
கொழும்பில் ஒன்று இருக்கிறது,
கைபிடியைச் சுற்றினால் ஒன்றுக்குள் ஒன்றாய் இறங்குமாம்.
விலையைக் கேட்டு நான்தான் இறங்கினேன்.
வவுனியாவில் பழைய இரும்புக் கடையில் மூன்று காலோடு ஒன்று,
ஒரு கால் மற்ற இரண்டையும் நம்பாத மாதிரி.
கடைசியில் பிரதாபனே செய்வதென்று ஆனது,
நாற்பதடி, பத்தடிக்கு ஒரு துண்டு,
மேலே போகப் போக ஒடுங்கும்.

ஏன் நாற்பது?
ஏறப்போவது நான்.
ஐம்பது என்று எழுதிப் பார்த்தேன், முழங்கால் வெட்டிவிட்டது.

ஆனி ஆடியில் சோளகம் பிடித்தால்
கூரைத் தகரம் பக்கத்து வளவுக்கு விருந்துக்குப் போகும் ஊர் இது.
கணக்கு எல்லாம் ஒன்றுதான்:
காற்றுக்கு எவ்வளவு உடம்பைக் காட்டுகிறாய்.
கோண இரும்பைக் குறுக்கும் மறுக்குமாய் வைத்து
இடையெல்லாம் வெளி விட்டான்.
காற்று தன்பாட்டில் போகட்டும்,
மறிக்க நாங்கள் யார்?

ஆனால் இழுகம்பி செய்யும் வேலையை
யாரோ செய்யத்தானே வேண்டும்.
மண் செய்யும்.
ஆறடி நீளம், ஆறடி அகலம், ஆறடி ஆழம்,
கம்பி கட்டி நிறையக் கொங்கிறீற்.

வன்னியில் கிடங்கு வெட்டினால்
கதை மண்வெட்டிக்கு முன்னால் ஓடும்.
இரண்டாம் நாள் மோட்டார் சைக்கிளில் பொலிஸ்.
தங்கமோ? வேறெதுவுமோ?
வானொலி அனுமதிப் பத்திரத்தை நீட்டினேன்,
முத்திரை, கையொப்பம், என் அழைப்புக்குறி.
நிழலுக்குப் போய் நின்று முழுவதும் வாசித்தார்.
"மேலே போக அனுமதி இருக்கு," என்றார்,
"கீழே போக எங்கே?"

அதனால் அவரும் நின்றார்.
வேலியோரம் சனமும் நின்றது.
மூன்றடியில் ஒரு சோடாப் போத்தல்.
நாலடியில் கிறவல்.
ஐந்தடியில் கிறவல்.
ஆறடியிலும் கிறவல் என்றபோது
சனம் ஏமாந்து கலைந்தது.
எனக்கு மூச்சு வந்தது.
ஏனென்று இந்தப் பக்கத்தில் ஒருவருக்கும்
விளக்கத் தேவையில்லை.

சீமெந்து லொறி வர இன்னும் நாலு நாள்.

இரவு, வேம்பில் கட்டிய பழைய வயரோடு இருந்தேன்.
யானை வேலி வழமைபோல் காதுக்குள்
செக்கனுக்கு ஒருக்கால் டொக், டொக்.
அதற்கு நடுவே ஹொக்கைடோவிலிருந்து ஒருவர்,
தன் ஊரில் பனி கொட்டுகிறது என்றார்,
தன் ரவர் எழுபதடி என்றார்.
குரல் ஒரு டொக்கில் மறைந்து அடுத்ததற்குள் வந்தது.
உங்கள் கோபுரம் எத்தனை அடி?

கதவால் வெளியே பார்த்தேன்.
நிலவு கிடங்கின் ஒரு மூலை வரை இறங்கியிருந்தது.

ஆறடி, என்றேன்.
இப்போதைக்குக் கீழ்நோக்கி.

திருப்பிச் சொல்லுங்கள், என்றார் அவர்,
சரியாகக் கேட்கவில்லை.