ஒன்று புள்ளி இரண்டு

மஸ்ஜித் தாண்டும்போது
கைபேசியில் வந்து விழுந்தது அறிக்கை.
ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருவதுதான்.
டாக்யார்ட் ரோடு வரை திறக்கவில்லை.

முதலில் உயரமாய் ஒரு மலை,
அது எல்லாருக்கும் உண்டாம்.
பிறகு சின்னச் சின்ன மேடுகள்.
கடைசியில்
உப்பிய இட்லிபோல் மெத்தென்று இருக்கவேண்டிய இடத்தில்
நெட்டுக்குத்தலாய் ஓர் ஊசி.
போன தடவை ஒன்று புள்ளி ஒன்று.
இப்போது ஒன்று புள்ளி இரண்டு.
கருவியே அவ்வளவு தடுமாறும் என்றிருக்கிறார் டாக்டர்.
என் சமையலறைத் தராசும் தடுமாறும்,
அதற்காக நான் தூங்காமல் கிடந்ததில்லை.

வலி இல்லை. காய்ச்சல் இல்லை.
நோயா என்றால் நோய் இல்லை,
இல்லையா என்றால்
இல்லை என்றும் எழுத முடியாது.
இன்சூரன்ஸ் படிவத்தில் அந்தக் கட்டத்துக்கு மேல்
பேனா நின்றது, டீ ஆறியது,
ஏஜெண்ட் காம்ளே ஜன்னல் புறாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மருந்து?
கிடையாது.
பத்தியம்?
எதுவும் சாப்பிடலாம்.
அப்புறம் நான் என்னதான் செய்ய?
வந்துகொண்டிருங்கள் என்றார்.
பூட்டிய வீட்டின் மீட்டரைக் குறித்துக்கொண்டு போகிறவன்போல
வருகிறேன், பார்க்கிறேன், போகிறேன்.

ஆண்டுக்கு நூறு பேரில் ஒருவருக்குத்தான் முற்றும்.
அந்தத் 'தான்' அவருடையது.
ரே ரோட்டில் எண்ண ஆரம்பித்தேன்.
பெண்கள் பெட்டி.
கதவோரம் தொங்கியவர்கள் பதினொன்று.
நான்காவது ஸீட்டில் பாதி உடம்பை வைத்திருந்தவளை
முழு ஆளாகவே சேர்த்தேன்.
காட்டன் கிரீனில் ஏறியவர்களோடு தொண்ணூற்றெட்டு.
தூங்கும் குழந்தை ஒன்று; வேண்டாம், விட்டுவிட்டேன்.
நூறு நிறைந்தது ஸேவ்ரியில்.
வடாலாவில் பாதிப் பேர்
என் கணக்கைக் குலைத்துவிட்டு இறங்கிப் போனார்கள்.

துறைமுக அலுவலகத்தில் இருபத்தாறு வருடமாய்
பில் சரிபார்க்கிறவள் நான்.
ஒன்று நூறில் போனால் மிச்சம் தெரியாதா?
அடுத்த ஆண்டும் அதே கூட்டம் ஏறும்,
மறுபடி ஒருத்தி.

செல்வரங்கத்திடம் இன்னும் சொல்லவில்லை.
சொன்னால் "என்ன செய்யுது?" என்பார்.
ஒன்றும் செய்யவில்லை என்பதுதானே
சேதி.

சுனாபட்டியில் இடம் கிடைத்தது.
பெயர் தெரியாது எனக்கு,
ஏழு வருடமாய்த் திலக் நகரில் இறங்குகிறவள்
எதிரில் பச்சைப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.
ஒன்றும் கேட்காமல்
இரண்டு கை அள்ளி என் மடியில் போட்டாள்.
உரித்தேன்.
ஒன்றிலும் புழு இல்லை.
தேடித்தான் பார்த்தேன்.

அடுத்த தேதி ஜூலை பதினான்கு.
மழை பிடித்திருக்கும்,
குர்லாவில் தண்டவாளம் மூழ்கி ரயில் நிற்கும்.
ஒரு மணி நேரம் முன்னதாகவே
கிளம்ப வேண்டும்.