சம்பளமில்லாத மூன்று மணித்தியாலம்

இரண்டேகாலுக்குக் கடைசிச் சட்டியைக் கவிழ்த்தால்
ஐந்தேகாலுக்குத்தான் அடுத்த தட்டு.
நடுவில் உள்ளதற்குச் சிம்மர்ஸ்டுண்டே என்று பெயர்,
அறைக்குப் போய்ப் படு என்று பொருள்.
சம்பளம் இல்லை.
என் அறைக்குப் பேருந்தில் ஐம்பது நிமிடம்.

ஆகவே தூன் நகரத்து உணவகம் ஒன்றின் நிலவறையில்
உருளைக்கிழங்கு மூட்டைமேல் இருப்பேன்.
வைஃபை ஒரு கோடுதான் இறங்கும்.
போதும்.
சவர்க்காரத் தண்ணியில் ஊறிச் சுருங்கிய பெருவிரலைப்
போன் இன்னாரென்று ஒத்துக்கொள்ளாது;
காற்சட்டையில் தேய்த்து, ஊதி, நாலாம் தரம் திறக்கும்.
திறந்தபின் என்னை அதற்கு நன்றாகத் தெரியும்.

துஷ்யந்தி, அக்காவின் மகள்,
சூரிச்சில் விளம்பரம் ஏலம்போடும் கம்பனியில் வேலை.
பிறந்தநாள் வீட்டில் வைத்துச் சொன்னாள்:
'நீங்க விரலால தள்ளுறதுக்கும் அடுத்தது வாறதுக்கும் இடையில
ஏலம் முடிஞ்சிடும், மாமா.'
ஆயிரம் பார்வைக்கு ஏழு ஃபிராங்.
பேப்பர்த் துவாயில் வகுத்துப் பார்த்தேன்.
ஏழு விளம்பரம் பார்த்தாலும்
ஐந்து ராப்பன் நிரம்பவில்லை.
அதற்குக் கீழே இந்த நாட்டில் காசே அடிப்பதில்லை.

தம்பி மன்னாரில், ஐஸ் கம்பனியில் இரவுக் காவல்.
அவனும் இதே நண்டுக்கறி வீடியோவைத்தான் பார்க்கிறான்.
இருவருக்கும் இடக்கண்ணில் மைனஸ் ஒன்றரை.
அவன் பார்வைக்கு எவ்வளவு என்றேன்.
'உங்கட விலையில பதினைஞ்சில ஒண்டு வரும்'
என்று கேக்கை வெட்டினாள்.

எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது.
இருந்தது என்பதை மறைக்கவில்லை.

முதலாளி சுர்ப்ரிக் அம்மா
வேண்டாமென்று விட்ட மூன்று மணித்தியாலத்தை
யாரோ சில்லறையாக வாங்கிவிட்டார்கள்.
தெரிந்தால் பங்கு கேட்பாள்:
நிலவறை அவளுடையது, வைஃபை அவளுடையது,
கிழங்கு மூட்டையும்.

ஒரு செவ்வாய், போனை மூட்டைக்குள் செருகிவிட்டு
ஆரே ஆற்று மதகுக்குப் போய் நின்றேன்.
பச்சைத் தண்ணி விழுந்துகொண்டே இருந்தது.
யாரும் எனக்குத் தரவுமில்லை,
என்னால் யாரும் பெறவுமில்லை.
குளிர்ந்தது. சலித்தது என்றும் சொல்லலாம்.
இருபத்திரண்டு நிமிடம்.

திரும்பிவர, தம்பி: 'பாத்தியா அண்ணே?'
நண்டுக்கு முன்னால் ஒரு கைக்கடிகாரம்,
எட்டாயிரம் ஃபிராங்.
ஐந்து நொடியில் தாண்டலாம்; தாண்டவில்லை.
அதன் முள்ளில் நேரம் பத்து பத்து.
எனக்கு ஐந்து பன்னிரண்டு.